பூச்சாட்டுக்கு முன் பற்றிய நெருப்பு

மண் எத்தனை பங்கு, மணல் எத்தனை பங்கு என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வராதீர்கள் தம்பிகளே. அதெல்லாம் இரண்டு அடுப்பு கட்டினால் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் வேறு தொழில் பாருங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இப்போது பண்ணை வீடு வைத்திருப்பவர்கள் எல்லாம் பின்புறத்தில் விறகு அடுப்பு வேண்டும், பீட்சா சுட வேண்டும் என்று உங்களைத் தேடி வருகிறார்களாம். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் போன மாதம் உங்களில் ஒருவர் வந்து, "வீட்டுக்காரர் சொல்பேச்சுக் கேட்கவில்லை, பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அவருக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் தொழிலுக்கு வந்தது கரும்பாலை அடுப்பில். வெல்லம் காய்ச்சும் பெரிய கொப்பரைக்குக் கீழே குழி தோண்டி அடுப்பு கட்டுவது. பிறகு கோயமுத்தூரில் கணபதிப் பக்கத்துப் பட்டறைகளில் இரும்பு உருக்கும் உலைக்கு உள்ளே செங்கல் அடுக்கினேன். ரொட்டி அடுப்பு அதற்கப்புறம்தான் வந்தது. அதைக் கட்டத் தெரிந்தவர்கள் அன்றைக்கு எங்கள் பக்கம் குறைவு என்பதால் என் பெயர் கொஞ்சம் பரவியிருந்தது. கொஞ்சம்தான். நானே பரப்பியது போக மீதி.

அறுபதுகளின் தொடக்கம். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு கவுண்டர் இருந்தார். தென்னந்தோப்பு, கரும்புக்காடு, சொந்தமாக வெல்லம் காய்ச்சும் ஆலை எல்லாம் உண்டு. கோயமுத்தூர் போகும்போதெல்லாம் ஒரு பேக்கரியில் பன்னும் காப்பியும் சாப்பிட்டுப் பழகியவர். பன் தின்பதற்காகவே டவுனில் வேலை உண்டாக்கிக்கொள்கிறார் என்று அவர் வீட்டம்மா ஊரெல்லாம் சொல்வார். அந்தப் பன்னைப் போட்டவர் குட்டன் என்கிற பாலக்காட்டுக்காரர். மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டார். பதற்றம் வந்தால் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் கவுண்டர் அவரிடம், "எங்கூட்டுப் பொடக்காலில எடம் சும்மா கெடக்குது. வந்து அடுப்புப் போட்டுக்க குட்டா. ஊருக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு" என்று சொல்லிவிட்டார். பொடக்காலி என்றால் வீட்டுப் பின்புறம். குட்டன் அந்த ஒரு வார்த்தையை நம்பி, பேக்கரி வேலையை விட்டுவிட்டு, மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். அவர் விட்ட இடத்தில் அடுத்த நாளே வேறு ஆள் வந்தாயிற்று. திரும்பிப் போக வழியில்லை.

வந்த பிறகுதான் கவுண்டர் மனசு ஆடத் தொடங்கியது. அவருக்குப் பன் மேல் ஆசை, ஆனால் எருது மேல் உயிர். அதே இடத்தில் ஒரு நல்ல சோடி எருது கட்டினால் எப்படி இருக்கும் என்று தினமும் போய் நின்று பார்ப்பார். என்னை அழைத்துவந்து அடுப்புக்கு இடம் காட்டிய அன்றைக்கே குட்டனிடம் சொல்லிவிட்டார்.

"இத பாரு குட்டா, மாரியம்மன் நோம்பிக்கு எங்கூட்டுக்கு ஒறம்பரை அத்தனை பேரும் வருவாங்க. அன்னைக்கு அவங்க கையில ரொட்டி வந்துச்சுன்னா எடம் உன்னுது. வரலைன்னா அங்க நான் கட்டுத்தறி போட்டுருவேன். நோம்பி முடிஞ்சதும் எருது வாங்கறதா இருக்கறேன்."

நோம்பி என்றால் திருவிழா. ஒறம்பரை என்றால் விருந்தாளி, சொந்தபந்தம். கட்டுத்தறி என்றால் மாடு கட்டும் இடம். உங்களில் டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

அடித்தளம், சூட்டைப் பிடித்து வைக்க உப்பு, உடைந்த கண்ணாடி, அதன்மேல் தளக்கல் எல்லாம் முடிந்து, வளைந்து மூடும் கூண்டு எழும்பும் நேரத்தில் கவுண்டர் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏனுங்க மேஸ்திரி, பொகைபோக்கிய முன்னால வெக்கறீங்க? எங்க ஆலை அடுப்புல பின்னாலதானுங்க இருக்குது?"

ஆலை அடுப்பில் ஒரு முனையில் தீ, மறுமுனையில் புகைபோக்கி. தீ நெடுக ஓடிக் கொப்பரையைச் சுட வேண்டும். ரொட்டி அடுப்பில் தீ ஓடக்கூடாது. சூடு கூண்டுக்குள்ளேயே சுற்றி நின்றுவிட்டு, புகை மட்டும் வாய் வழியாகத் திரும்பி வர வேண்டும். அதனால் புகைபோக்கி வாய்க்கு மேலே, முன்பக்கம்தான். இதை நான் பதமாகச் சொன்னேன். கோபமாகவும் சொன்னேன். கையில் கரித்துண்டை வைத்துச் சுவரில் படம் போட்டும் சொன்னேன்.

"நெருப்புக்கு எல்லா அடுப்பும் ஒண்ணுதானுங்க" என்றார் கவுண்டர். "நானும் இருவது வருசமா ஆலை ஓட்டறேன்."

எனக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது குட்டனைப் பார்த்தேன். கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி, உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, 'ஒத்துக்கொள்ளுங்கள்' என்று கண்ணாலேயே என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். இங்கே வாதத்தில் ஜெயித்தால் எனக்குப் பெருமை, அவருக்கு இடம் போகும். நான் கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "செரிங்க, பின்னாலயே வச்சுப்போடலாமுங்க" என்றேன்.

பின்னாலேயே வைத்தேன். ஆனால் முன்பக்கம் வாய்க்கு மேலே, ஒரு புகைபோக்கிக்கு வேண்டிய சந்தும் விட்டேன். அதில் கலவை போடாமல் செங்கல்லை வெறுமனே அடுக்கி, மேலே சேறு பூசி மறைத்துவிட்டேன். தட்டினால் கையோடு வந்துவிடும். கேட்டால் அழகுக்கு என்று சொல்லலாம் என்று இருந்தேன், யாரும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் தப்பாகச் சொன்னால் வேலையை விட்டு ஓடாதீர்கள் தம்பிகளே. அவர் சொன்னபடி கட்டுங்கள், பின்னால் திருத்த ஒரு வழியையும் விட்டுக் கட்டுங்கள்.

கூண்டு மூடி, உள்ளே முட்டுக்கொடுத்திருந்த மணலை வாரி எடுத்த அன்று, தெருவில் பறை கேட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை பூச்சாட்டு. அதற்கும் அடுத்த வாரம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஊர்க்கூட்டத்தில் முன்னால் இழுத்துவிட்டார்கள்.

பூச்சாட்டு என்றால் அம்மன் கோயிலில் நோம்பியை அறிவித்துக் கம்பம் நடுவது. அன்றிலிருந்து நோம்பி முடிந்து கம்பத்தை எடுக்கும் வரை ஊருக்குச் சட்டம் உண்டு. எண்ணெய்ச் சட்டி காயக் கூடாது. தாளிக்கக் கூடாது. வெளியூர் போனால் பொழுது விழுவதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். அந்த ஊரில் இன்னொன்றும் இருந்தது. புதிய அடுப்பு எதையும் பற்ற வைக்கக் கூடாது.

இதைக் கேட்டதும் குட்டன் அடுப்பு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கூண்டில் ஈரம் சொட்டாத குறை. நோம்பி முடியும்வரை காத்திருந்தால் ஒறம்பரை கையில் ரொட்டி இருக்காது, எருதுதான் வரும்.

"நாளைக்கே நல்லா எரிச்சிரலாம் மேஸ்திரி" என்றார். "சாட்டுக்கு முன்னாடி எரிச்சுட்டா பழைய அடுப்பு ஆயிருமில்லே?"

"ஆயிரும். ரெண்டாப் பிளந்த பழைய அடுப்பு."

ஈரக் கூண்டுக்குள் பெருந்தீ போட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வர இடம் தேடும். கிடைக்காவிட்டால் தானே இடம் பண்ணிக்கொள்ளும். பதற்றத்தில் இருப்பவர் கேட்கிறார் என்று அந்த விறகை நான் போட்டிருந்தால் அவருடைய பிழைப்பை என் கையாலேயே உடைத்த மாதிரி. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஈரக் கூண்டுக்கு வேண்டியது என்ன? நாலு சுள்ளி, இரண்டு வரட்டி, அணையாமல் நாள் கணக்கில் கனிந்துகொண்டிருக்கும் சின்னத் தீ. ஊர்ச் சட்டத்தில் தடுத்திருப்பது என்ன? பற்ற வைப்பதை. எரிந்துகொண்டே இருப்பதை இல்லை. நான் நேரே கோயில் பூசாரியிடம் போனேன். வெடுவெடுவென்று பேசுகிற மனிதர். எதையும் இரண்டாம் தடவை சொல்லமாட்டார்.

"சாட்டுக்கு முந்தி பத்த வெச்சு, அணையாமக் காப்பாத்திக்கிட்டாச் செரி" என்றார். "அணைஞ்சுதோ, கம்பம் எடுக்கற வரைக்கும் கை வெக்கப்படாது. சொல்லிப்போட்டேன்."

திங்கட்கிழமை சாயங்காலம் குட்டனின் மனைவி கையால் ஒரு பிடி சுள்ளியில் நெருப்பு வைத்தோம். மறுநாள் கம்பம் நட்டார்கள். சாட்டும்போது ஊரில் இருந்துவிட்டதால் சட்டம் எனக்கும் சேர்ந்துவிட்டது. கவுண்டர் வீட்டில்தான் சாப்பாடு. தாளிக்காத பருப்பு, தாளிக்காத ரசம், தாளிக்காத கீரை. அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் கடுகு வெடிக்கும் சத்தத்துக்கு நான் எழுந்து நிற்பேன்.

நானும் குட்டனும் முறைபோட்டுத் தீயைப் பார்த்துக்கொண்டோம். கூண்டின் வெளிப்பக்கத்தில் ஈரம் மெல்ல வியர்த்து வெளுத்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. தொந்தரவு கவுண்டர் வீட்டம்மாதான். தீப்பெட்டி மிச்சம் என்று தினமும் பிற்பகல் ஒரு ஓட்டுச் சட்டியோடு வந்து, என் அடுப்பிலிருந்து கங்கு வாரிக்கொண்டு போவார். குளியலறையில் வெந்நீர் போடுவதற்கு. நான் அளந்து வைத்திருக்கும் தீ அது.

"ஏனுங்கம்மா, இதுல பாதிய நீங்களே கொண்டுபோயிட்டா கூண்டு எப்படிங்க காயும்?"

"ரெண்டு கங்குக்கு இத்தனை மூஞ்சியத் தூக்கறீங்களே மேஸ்திரி. பருப்பு இன்னொரு கரண்டி போடறேன், போங்க" என்பார்.

அதைவிடப் பெரிய தொந்தரவு பின்னாலிருந்த புகைபோக்கி. வைகாசி மாதம் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து அடிக்கும் காற்று உங்களுக்குத் தெரியும். அது வாய் வழியாக நுழைந்து பின்னால் உறிஞ்சிக்கொண்டு போகும். சின்னத் தீ சின்னதாக இருக்க மறுத்தது. போட்டதையெல்லாம் மளமளவென்று தின்றுவிட்டு அடங்கும். மறுபடி போட வேண்டும். கவுண்டரோ அந்த இரைச்சலைக் கேட்டு, "பாத்தீங்களா, எப்படி இழுக்குதுன்னு!" என்று பூரித்துப்போவார்.

ஒருநாள் காலையில் நான் கிணத்துக்கடவு வரை போயிருந்தேன். திரும்பும்போது காற்றும் மழையும் பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டு பொடக்காலிக்குள் நுழைந்தால், அடுப்பு வாய் முன்னால் குட்டன் மண்ணில் உட்கார்ந்திருந்தார். மேலே போட்டிருந்த தென்னங்கீற்றுப் பந்தல் ஒரு பக்கம் பறந்துவிட்டது. அவர் அதைப் பிடித்துக் கட்டப் போன நேரத்தில், காற்று கடைசிச் சுள்ளி வரை இழுத்து எரித்துத் தீர்த்துவிட்டு, சாம்பலையும் பின்னால் உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது. உள்ளே கை விட்டேன். தளக்கல் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு பொறி இல்லை.

"எல்லாம் போச்சு மேஸ்திரி" என்றார். அவர் மனைவி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார்.

என் மடியில் தீப்பெட்டி இருந்தது. பீடிக்காக எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன், நனையவில்லை. பார்க்க ஆளில்லை. ஒரு குச்சி உரசினால் வேலை முடிந்தது. உண்மையைச் சொன்னால், என் கை மடிக்குப் போயும்விட்டது.

ஏன் உரசவில்லை என்றால், நான் கம்பம் எடுத்த மறுநாள் பஸ் ஏறிவிடுவேன். குட்டன் அந்த ஊரிலேயே ரொட்டி விற்று வாழ வேண்டியவர். இன்றைக்கு இல்லாவிட்டால் என்றைக்காவது, அவரே ஒரு பலவீனமான நேரத்தில் யாரிடமாவது சொல்லிவிடுவார். சொன்ன மறுநாள் அந்த அடுப்பு ரொட்டியை ஒரு குழந்தை தொடாது. அடுப்பு நம்முடையது இல்லை தம்பிகளே. நாம் போன பிறகு அதன் முன்னால் நிற்கப்போகிறவருடையது. நான் கையை எடுத்துவிட்டேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் நிமிர்ந்தபோதுதான் குளியலறைக் கூரையில் புகை தெரிந்தது. அன்றைக்கும் அந்தம்மா கங்கு எடுத்துப் போயிருக்கிறார்! நான் கத்திய கத்தலில் கவுண்டரே ஓடி வந்தார். வீட்டம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, உள்ளே போய், ஓட்டுச் சட்டி நிறையக் கங்கை முறத்தால் மூடிக்கொண்டு மழையில் வந்து நின்றார்.

"தெனமும் மூஞ்சியத் தூக்குனீங்களே மேஸ்திரி. இப்ப வேணுமா, வேண்டாமா?"

"வேணுமுங்கம்மா. ஆனா சித்தெ இருங்க, பூசாரி வந்துரட்டும்."

கவுண்டர் தயங்கினார். "அம்மனே வேண்டாம்னு அணைச்சுப்போட்டா, நாம மறுபடி வெக்கலாமுங்களா?" அவருக்கு அது பாசாங்கில்லை, உண்மையான பயம். குட்டனைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் பார்த்தார்.

பூசாரி வந்தார். அடுப்பைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். வீட்டம்மாவிடம், "இது எந்த நெருப்பு அம்மணி?" என்று கேட்டார்.

"இந்த அடுப்புக் கங்குதானுங்க. மத்தியானம் எடுத்துட்டுப் போனது. வேற குச்சி நான் உரசலீங்க."

பூசாரி வானத்தைப் பார்த்தார். மழை விட்டு மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

"சாட்டுக்குள்ள ஊர உட்டுப் போறவங்க பொழுது உழறதுக்குள்ள திரும்பிட்டாச் செரி. இதும் அப்படித்தான். வெளிய போயிட்டு வந்திருக்குது. பொழுது இன்னும் இருக்குது, உள்ள உடுங்க."

வீட்டம்மா சட்டியை அப்படியே தளத்தில் கவிழ்த்தார். குட்டன் ஊதினார் பாருங்கள், அப்படியொரு ஊதலை நான் எந்தப் பட்டறைத் துருத்தியிலும் கண்டதில்லை.

போகும்போது பூசாரி திரும்பி, "அதென்ன, எதனால அணைஞ்சுது?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கவுண்டரும்தான். அவர் முகத்தில் ஒரு சின்னக் கலக்கம். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. அத்தனை பேர் முன்னால் 'நான் அப்போதே சொன்னேனே' என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? இன்றைக்கும் இருக்கிறது.

"காத்துங்க" என்றேன். "ஆலை அடுப்பு பெருசு, தாங்கிக்கும். இது சின்னதுங்க. பின்னால சித்தெ அடைச்சுக்கலாங்களா?"

கவுண்டர் தொண்டையைச் செருமினார். "சித்தெ அடைச்சுக்கங்க" என்றார்.

சித்தெ என்ன, முழுவதுமாக அடைத்தேன். முன்பக்கத்து வெறும் செங்கல்லைத் தட்டி எடுத்துவிட்டு, அங்கே ஒரு மண்குழாயை நட்டேன். தீ அன்றிலிருந்து வீட்டுக்கு அடங்கிய பிள்ளையாகிவிட்டது.

நோம்பி வந்தது. ஊர் முழுக்க ஒறம்பரை. ஆனால் பலகாரம் எங்கே? எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாதே. முறுக்கு இல்லை, வடை இல்லை, காப்பிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. எண்ணெய்ச் சட்டியும் தாளிப்பும் இல்லாமல் ஆகிற பண்டம் அன்றைக்கு அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். பன் வைக்கும் தகரத்தில் எண்ணெய் தடவலாமா என்று மட்டும் வீட்டம்மா பூசாரியிடம் கேட்டுவிட்டு வந்தார். "தலைக்குத் தடவறதில்லையா? சட்டி காயப்படாது, அவ்வளவுதான்" என்றாராம்.

விடியலில் முதன்முறையாகப் பெருந்தீ போட்டோம். கூண்டு கறுத்தது, பிறகு கறுப்பு எரிந்து வெளுத்தது. விரிசல் இல்லை. தணலை வாரிவிட்டு, ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்து, குட்டன் பன்னை உள்ளே தள்ளிக் கதவை வைத்தார். திறக்கும் வரை நாங்கள் யாரும் உட்காரவில்லை. திறந்தபோது வந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டு ஒறம்பரையெல்லாம் கேட்காமலேயே பொடக்காலிக்கு வந்துவிட்டார்கள். பன் செக்கச்செவேலென்று இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

கூட்டம் ஓய்ந்த பிறகு கவுண்டர் காப்பித் தம்ளரோடு வந்தார். ஒரு பன்னைப் பிய்த்தார், தோய்த்தார், தின்றார். இன்னொன்றும் தின்றார். அடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் போய், நான் அடைத்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குட்டன் என் பக்கத்தில் நின்று உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி" என்றார் கவுண்டர். "பொகைபோக்கி பின்னாலயே இருந்திருந்தா, இன்னுங் கொஞ்சம் செவந்திருக்குமுங்க."

நான் வாயைத் திறந்தேன். குட்டன் என் காலை மிதித்தார். பலமாகவே மிதித்தார்.

"ஆமாங்க" என்றேன்.

"செரி. நாளைக்குக் கெளம்பறதுக்கு முந்தி முன்வாசல்ல, வேம்பு பக்கத்துல, ஒரு கட்டுத்தறிக்கு நாலு கல்லு நட்டுக் குடுத்துட்டுப் போங்க. எருது வந்தா எங்கியாச்சும் கட்டோணுமில்ல?"

சொல்லிவிட்டு, தட்டிலிருந்த இன்னொரு பன்னையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என் தொழில் வாழ்க்கையில் நான் கட்டுத்தறி போட்டது அந்த ஒரு தடவைதான். அடுப்புக் கட்டுகிறவனுக்கு அது வேலையும் இல்லை, தெரியவும் தெரியாது. மறுநாள் வரை நான் காத்திருக்கவில்லை, அப்போதே போய்க் குழி தோண்டத் தொடங்கினேன். குட்டன் ஓடி ஓடிக் கல் சுமந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைத்துக்கொள்ள அவர் ஒரு தடவையும் கல்லைக் கீழே வைக்கவில்லை.